மண்புழு பெருகிவிட்டதா? பிரித்து விற்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்புழு உரம் தயாரிக்கத் தொடங்கிய ஆறேழு மாதங்களில் பலருக்கும் இந்த ஆசை வந்துவிடும். புழு வளரும் சாணப் படுக்கையில் எங்கே கை வைத்தாலும் புழு. உரத்தை விடப் புழுவுக்கு விலை அதிகம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இதையே விற்றால் என்ன?

விற்கலாம். ஆனால் ஒரு கணக்கை முதலில் போட்டுப் பார்த்துவிடுங்கள். உங்களிடம் புழு வாங்கிப் போகிறவர் ஒழுங்காக வளர்த்தால், மூன்று நான்கு மாதங்களில் அவரிடமே தேவைக்கு மேல் புழு இருக்கும். அதற்குப் பிறகு அவர் உங்களைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை. நல்ல சரக்கு கொடுத்தால் வாடிக்கையாளரை இழக்கிற விசித்திரமான வியாபாரம் இது. உரம் அப்படியில்லை, மாடித்தோட்டம் வைத்திருப்பவர் ஒவ்வொரு பருவத்துக்கும் வாங்கத்தான் வேண்டும். ஆகவே உரம்தான் அன்றாட வரும்படி, புழு அவ்வப்போது கைக்கு வரும் உபரி. இதை மாற்றிப் போட்டவர்கள்தான் இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள்.

உங்களிடம் இருப்பது எந்தப் புழு?

வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி இது. பதில் தெரியாமல் நிற்கக் கூடாது.

தமிழ்நாட்டுச் சமவெளியில் பெரும்பாலான படுக்கைகளில் இருப்பது யூட்ரிலஸ் யூஜினியே என்னும் ஆப்பிரிக்கப் புழு. நீளமானது, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பளபளப்பு உடையது, தொட்டால் வேகமாக நழுவும். வெயில் காலத்தை ஓரளவு தாங்கும், குளிரைத் தாங்காது. இரண்டாவது ஐசீனியா ஃபெடிடா. அளவில் சிறியது, உடலில் வளையம் வளையமாகச் சிவப்பும் வெளிர் மஞ்சளும் மாறி மாறி வரும், சீண்டினால் ஒருவித நாற்றமுள்ள மஞ்சள் நீரைக் கசியவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கத்திலிருந்து யாராவது கேட்டு வந்தால் இதைத்தான் கொடுக்க வேண்டும். மூன்றாவது பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், நம் நாட்டுக்கே உரியது. சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில் போன்ற ஆய்வாளர்கள் உள்நாட்டுப் புழுக்களையே பயன்படுத்துங்கள் என்று பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார்கள். அந்தக் கருத்துடையவர்கள் பெரியோனிக்ஸைத் தேடி வாங்குவார்கள்.

இனங்கள் கலந்து கிடந்தால் கலந்தது என்றே சொல்லி விற்கலாம், தவறில்லை. ஆனால் ஒரு பொய் ஊர் முழுக்கச் சுற்றுகிறது: ‘இந்தப் புழுவை வயலில் விட்டால் அது மண்ணை உழுதுவிடும்.’ உரப் புழுக்கள் மேற்பரப்பில் மட்கும் குப்பையில் வாழ்பவை. காய்ந்த வயலில் கொட்டினால் இரண்டொரு நாளில் பறவைக்கும் எறும்புக்கும் தீனியாகும். மண்ணைத் துளைத்து வாழும் வயல் புழுக்கள் வேறு. அவற்றை வயலில் பெருக்க மூடாக்கும் ஈரமும் போதும், விலைக்கு வாங்க வேண்டியதில்லை. இதைச் சொல்வதால் ஓரிரண்டு விற்பனை போகும். போகட்டும்.

விற்பதற்கு முன் எடுத்துப் பாருங்கள்

மேலே கிளறிப் பார்த்துவிட்டு ‘பத்து கிலோ இருக்கும்’ என்று சொல்வதில் பயனில்லை. தீனி போட்ட இடத்தில் புழு குவிந்திருக்கும், மற்ற இடம் வெறுமையாக இருக்கும். படுக்கையின் இரு ஓரங்களிலும் நடுவிலும் ஓர் அடிக்கு ஓர் அடி அளவில், அடிவரை தோண்டி ஒரு பாண்டில் போடுங்கள். அதிலுள்ள புழுக்களைப் பொறுக்கி எடை போடுங்கள். மூன்றின் சராசரியைப் படுக்கையின் மொத்தச் சதுர அடியால் பெருக்கினால் உத்தேசக் கணக்கு கிடைத்துவிடும். தோட்டக்கலைத் துறைத் திட்டங்களில் கொடுக்கும் பாலித்தீன் படுக்கை 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம். அதாவது 48 சதுர அடி.

பொறுக்கும்போது கழுத்துப் பக்கம் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். பட்டை இருந்தால் அது முட்டையிடும் வயதுக்கு வந்த தாய்ப்புழு. கூடவே முட்டைக்கூடுகளையும் தேடுங்கள். எலுமிச்சம்பழத்தை மிளகளவுக்குச் சுருக்கியதுபோல் இருபுறமும் கூர்ந்திருக்கும். புதிதாக இட்டது வெளிர் மஞ்சள், பொரிக்க நெருங்க நெருங்கச் செம்பழுப்பாகும். ஆப்பிரிக்கப் புழுவின் கூடு சுமார் இரண்டு வாரத்தில் பொரியும், ஐசீனியாவுக்கு மூன்று வாரத்துக்கு மேலாகும். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று குஞ்சுகள் வரும். அவை பட்டை கட்ட மேலும் ஆறேழு வாரம்.

தாய்ப்புழு, குஞ்சு, கூடு மூன்றும் கலந்திருந்தால் படுக்கை நலமாக இருக்கிறது, அதிலிருந்து எடுத்து விற்கலாம். தாய்ப்புழு மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு, கூடு அரிதாக இருந்தால் இடமோ தீனியோ போதவில்லை. உடனே பிரிக்க வேண்டும். கூடு நிறைய இருந்து தாய்ப்புழு குறைவாக இருந்தால் இரண்டு மாதம் கையை வைக்காதீர்கள்.

எத்தனை புழுவுக்கு உங்களிடம் சாணம் இருக்கிறது?

புழு தானாகப் பெருகிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். தீனியும் இடமும் எவ்வளவோ அவ்வளவோடு நின்றுவிடும். நெருக்கடி வந்தால் முட்டையிடுவதைக் குறைக்கும், உடல் சிறுக்கும், ஓடப் பார்க்கும்.

நல்ல நிலையிலுள்ள புழு நாளொன்றுக்குத் தன் எடையில் பாதியளவு தின்னும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மாடு நாளைக்குக் குறைந்தது 10 கிலோ சாணம் போடும். அப்படியானால் ஒரு மாட்டுச் சாணம் சுமார் 20 கிலோ புழுவைத் தாங்கும். அதிலும் வைக்கோல், இலைதழை சேர்ப்பது, அடுப்புக்கும் வயலுக்கும் எடுப்பது என்று கூட்டல் கழித்தல் உண்டு. உங்கள் கொட்டிலின் கணக்கை நீங்களே போடுங்கள். கிடைக்கும் எண்தான் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய அளவு. அதற்கு மேல் இருப்பது விற்பனைக்கு, அல்லது கோழிக்கு.

வெளியிலிருந்து சாணம் வாங்கிப் புழுவைப் பெருக்கும் எண்ணம் இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். புதுச் சாணம் சூடேறும், அம்மோனியா வாடை அடிக்கும். 15 முதல் 20 நாள் ஆறப்போட்டுக் கிளறிவிட்ட சாணத்தையே போட வேண்டும். மாட்டுக்கு அண்மையில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். கொடுத்திருந்தால் அந்தச் சாணத்தைத் தனியாகக் குவித்துச் சில வாரங்கள் மட்கவிட்டு, முதலில் ஒரு வாளியில் பத்துப் புழுவோடு சோதித்துப் பார்த்த பிறகே படுக்கைக்குக் கொண்டுபோங்கள். சீக்கிரம் கொழுக்கட்டும் என்று பிண்ணாக்கை அள்ளிப் போடுபவர்களும் உண்டு. அளவு மீறினால் புளித்துப் போய், புழுவின் உடல் முடிச்சு முடிச்சாக வீங்கிச் செத்துவிடும்.

படுக்கையை எப்போது கலைப்பது

சமவெளியில் ஆவணியிலிருந்து மாசி வரை புழுவுக்கு நல்ல காலம். சித்திரை, வைகாசியில் படுக்கையின் உள்சூடு 35 டிகிரியைத் தாண்டினால் சாவு தொடங்கும். ஆகவே தை, மாசியில் விற்பனையைத் துரிதப்படுத்திப் படுக்கையைக் கலைத்துவிடுவது நல்லது. நெருக்கம் குறைந்த படுக்கை கோடையைத் தாங்கும். நெருக்கியடித்த படுக்கை ஒரே வாரத்தில் நாறிவிடும். கோடையில் புழுவை இழந்தவர்கள் ஆடி, ஆவணியில் மறுபடி வாங்க வருவார்கள். திரும்பி வரும் சொற்ப வாடிக்கையாளர்களில் இவர்களும் சேர்த்தி. அவர்களுக்குக் கொடுக்க உங்களிடம் புழு மிஞ்சியிருக்க வேண்டுமே, அதற்காகவாவது கோடைக்கு முன்பே கூட்டத்தைக் குறையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கவலை வேறு. அடைமழை இரவுகளில் புழு படுக்கையை விட்டுக் கிளம்பிவிடும். கொட்டகையில் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டால் வெளிச்சத்துக்குப் பயந்து உள்ளேயே கிடக்கும். அடியில் நீர் தேங்காமல் வடிகால் திறந்திருக்கிறதா என்பதை மாலையிலேயே பார்த்துவிடுங்கள். எறும்புக்குச் சுற்றிலும் நீர்க்கால்வாய், எலிக்கும் பெருச்சாளிக்கும் கம்பிவலை.

பிரித்தெடுக்கும் வேலை

ஒவ்வொரு புழுவாகக் கையால் பொறுக்குவது, நம் கூலிக்கும் நேரத்துக்கும் கட்டுப்படியாகாது. வெளிச்சத்தைக் கண்டால் உள்ளே இறங்கும் புழுவின் குணத்தையே பயன்படுத்துங்கள்.

நாலைந்து நாள் முன்பிருந்தே தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். மேல்பகுதி உலரும், புழு ஈரத்தைத் தேடி அடிக்கு இறங்கும். மேலே இருக்கும் உரத்தை முதலில் வழித்தெடுத்துவிடலாம். மீதியை, மர நிழலில் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் தார்ப்பாய் விரித்துப் பல கூம்புகளாகக் குவியுங்கள். நேர் வெயில் வேண்டாம். கால் மணி நேரம் பொறுத்திருந்து கூம்பின் மேல்தோலை இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கையால் வழியுங்கள்; புழு தட்டுப்பட்டவுடன் நிறுத்திவிடுங்கள். அடுத்த கூம்புக்குப் போய் அதையும் அப்படியே வழித்துவிட்டு முதல் கூம்புக்குத் திரும்புங்கள். ஐந்தாறு சுற்றில் குவியல் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கும். கடைசியில் ஒரு கைப்பிடி உரத்தை விலக்கினால் புழுக்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, தரைக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே துளைக்க முயல்வதுபோல அடியில் ஒட்டிக் கிடக்கும். அப்படியே இரு கையாலும் அள்ளி, ஈரமான பழைய சாணம் போட்ட பாண்டில் விடுங்கள்.

வழித்தெடுத்த உரத்தில் முட்டைக்கூடும் குஞ்சும் ஏராளமாக இருக்கும். அதை உடனே மூட்டை கட்டாதீர்கள். நிழலில் குவித்து, நடுவில் மட்கிய சாணத்தை உருண்டையாக வைத்து வெல்லத் தண்ணீர் தெளியுங்கள். குஞ்சுகள் அதைச் சுற்றி வந்து சேரும். உருண்டையை எடுத்துப் படுக்கையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வையுங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தால் பெரும்பாலானவற்றை மீட்டுவிடலாம். அடுத்த தலைமுறையை மூட்டையோடு விற்றுவிட்டு, படுக்கையில் புழு குறைகிறதே என்று வருந்துபவர்கள் அதிகம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஒரு படுக்கையிலிருந்து ஒரே தடவையில் தாய்ப்புழுக்களில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. பெரிய ஆர்டர் வந்தாலும் சரி. இல்லாத சரக்குக்கு முன்பணம் வாங்கி, வேறொரு பண்ணையில் வாங்கிக் கொடுத்தால் அங்குள்ள நோயும் பூச்சியும் சேர்ந்தே உங்கள் கணக்கில் எழுதப்படும்.

யார் வாங்குவார்கள்?

உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் தூரத்துக்குள் தேடத் தொடங்குங்கள்.

மண்புழு உரக்கூடம் அமைக்கத் தோட்டக்கலைத் துறை மூலம் மானியம் பெறும் விவசாயிகள் முதல் வரிசை. படுக்கை வந்த கையோடு அவர்களுக்குப் புழு தேவை. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லிவைத்தால் ஆள் தேடி வரும். மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி நடக்கும் நாளில் ஒரு வாளிப் புழுவோடு போய் நின்றால் இன்னும் நல்லது. புழுவைத் தொட்டுப் பார்த்தவர் விளம்பரத்தைப் பார்த்தவரை விடச் சீக்கிரம் பணத்தை எடுப்பார்.

அடுத்தது நகரத்தார். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள், பள்ளிகள், மாடித்தோட்டக்காரர்கள் கால் கிலோ, அரை கிலோ என்றுதான் கேட்பார்கள். இவர்களுக்குப் புழுவை மட்டும் கொடுப்பதை விட, ஒரு வாளி பழகிய படுக்கைச் சாணத்தோடு சேர்த்துக் கொடுங்கள். சாணத்தில் இருக்கும் கூடும் குஞ்சும் சேர்ந்துகொள்வதால் முதல் மாதம் தாய்ப்புழு கொஞ்சம் செத்தாலும் படுக்கை பிழைத்துவிடும். எடைக்கு விற்பதை விட இதில் உங்களுக்குப் பிரிக்கும் கூலியும் மிச்சம். இவர்களே பின்னால் உரம் வாங்கவும் வருவார்கள்.

மாதாமாதம் வாங்கக்கூடியவர்கள் புழுவைத் தீர்ப்பவர்கள்தான்: தூண்டில் போடுபவர்கள், அலங்கார மீன் வளர்ப்பவர்கள், நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்ப்பவர்கள். உலர்ந்த எடையில் புழுவின் பாதிக்கு மேல் புரதம். ஆனால் உயிர்ப்புழுவில் பெரும்பங்கு தண்ணீர், ஆகவே தீவன விலைக்கு மேல் கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள். தூண்டில்காரர்கள் விதிவிலக்கு. ஏரி, அணைக்கட்டு அருகில் வசிப்பவர்கள் ஐம்பது ஐம்பது புழுவாகச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தால் எண்ணிக்கைக்கே விலை கிடைக்கும். பெரிய ஆப்பிரிக்கப் புழுதான் இதற்கு ஏற்றது.

வாங்குபவரைப் பற்றிப் பேசும்போது ஒரு வகையினரிடம் மட்டும் விலகி இருங்கள். ‘எங்களிடம் இத்தனை கிலோ தாய்ப்புழு வாங்குங்கள், பெருகியதை நாங்களே நல்ல விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்’ என்று ஒப்பந்தத் தாளோடு வருகிறவர்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் இதே வாக்குறுதியை நம்பி முதலீடு செய்தவர்கள் 2012இல் காவல் நிலைய வாசலில் நின்றார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மண்புழுவையே வைத்து இப்படி வளர்ந்த ஒரு நிறுவனம் 2003இல் திவாலானது. திரும்ப வாங்கும் புழுவை அடுத்து ஏமாறுபவருக்குத்தான் விற்க முடியும் என்றால், வரிசையின் கடைசியில் நிற்பவர் மாட்டிக்கொள்வார். நீங்களும் உங்கள் வாடிக்கையாளருக்கு அப்படி வாக்குக் கொடுக்காதீர்கள்.

விலை

உங்கள் மாவட்டத்தில் மூன்று பேரிடம் வாங்குபவர்போல விசாரியுங்கள். இடத்துக்கு இடம் வித்தியாசம் பெரிதாக இருக்கும். அதைவிட முக்கியம் உங்கள் அடக்கவிலை. ஒரு கிலோ சுத்தப் புழுவைப் பிரிக்க இருவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து அளந்து, ஊர்க் கூலியால் பெருக்கிப் பாருங்கள். சந்தை விலையில் பாதி அதிலேயே போகிறது என்றால் படுக்கையோடு வாளிக்கணக்கில் விற்பதே மேல்.

எடை போடும்போது ஒட்டியிருக்கும் சாணம் எவ்வளவு என்பதில்தான் தகராறு வரும். வாங்குபவர் கண்முன் தார்ப்பாயில் பிரித்து, தராசில் வைத்து, அதன்பின் கூடுதலாக ஒரு கைப்பிடி படுக்கைச் சாணம் போடுங்கள். கிலோவுக்கு எத்தனை புழு என்று கேட்டால் சுமார் ஆயிரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள். இனத்தையும் வயதையும் பொறுத்து அது மாறும். நூறு கிராம் எண்ணிப் பார்த்து வைத்திருந்தால் பதில் தயாராக இருக்கும்.

உரத்தை உங்கள் பெயர் அச்சிட்ட பையில் அடைத்துக் கடைகளுக்கு விற்க இறங்கினால் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை குறுக்கே வரும். ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதம், பெரும்பகுதி 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும் என்பது போன்ற தர அளவுகள் அதில் உண்டு. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கட்டி அனுப்புவது

நேரில் வந்து எடுத்துப் போவதே உத்தமம். வெளியூருக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றால் புதுச் சாணத்தில் கட்டாதீர்கள்; மூட்டைக்குள் சூடேறி அரைநாளில் கூழாகிவிடும். நன்றாக அலசிப் பிழிந்த தென்னை நார்க்கழிவும் மிகப் பழைய சாணமும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. ஒரு கிலோ புழுவுக்கு அதைப் போல் மூன்று பங்கு கலவை. துணிப்பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, சுற்றிலும் துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் ஒரே பெட்டியில் வேண்டாம்.

இரவு பஸ் பார்சலில் ஏற்றினால் வெயில் படாமல் விடியலில் போய்ச் சேரும். கூரியரில் அனுப்புவதானால் திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை கொடுத்த பெட்டி ஞாயிறு முழுக்கப் பூட்டிய அறையில் கிடக்கும். பங்குனிக்குப் பிறகு வைகாசி முடியும்வரை பகலில் போகும் பார்சலை ஒப்புக்கொள்ளவே கூடாது.

பணம் வாங்குவதற்கு முன்பே, வாங்குபவரின் படுக்கை தயாரா என்று படம் அனுப்பச் சொல்லுங்கள். சாணம் ஆறியிருக்கிறதா, நிழல் இருக்கிறதா, எறும்புக்கு என்ன செய்திருக்கிறார் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். ‘புழு வந்ததும் படுக்கை போட்டுக்கொள்கிறேன்’ என்பவருக்கு இரண்டு வாரம் கழித்து அனுப்புவதாகச் சொல்லுங்கள். பெட்டியோடு ஒரு தாளும் போகட்டும்: மாலையில் திறக்கவும், படுக்கையின் மேல் பரப்பிவிடவும், தானாக இறங்காமல் அரைமணி நேரத்துக்கு மேல் மேலேயே கிடந்தால் சாணம் இன்னும் ஆறவில்லை என்று பொருள், உடனே அள்ளி வாளிக்கு மாற்றிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடவும். பார்சல் கிடைத்த அன்றே படம் எடுத்து அனுப்பினால் செத்ததற்கு மாற்று உண்டு, மறுநாள் முதல் இல்லை என்பதையும் அதே தாளில் எழுதி, நீங்கள் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.